கூந்தலுக்கு எதைப் பூசுவது, எதை விடுவது?



சென்ற மாதம் நம் சங்கத்து மகளிர் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி தம் கைப்பையைத் திறந்து நான்கு புட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்று மூஸ், ஒன்று ஜெல், ஒன்று சீரம், ஒன்று ஹேர் ஸ்பிரே.

"அக்கா, நாலும் சேர்த்து ஆயிரத்தெண்ணூறு ரூபாய். கோயம்புத்தூர்ல என் தங்கச்சிக்கு இதே சாமான் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்குது. இங்கே எனக்குப் பத்து நிமிஷத்துல பிசுபிசுன்னு ஆயிடுது. என் முடி மோசமா, சாமான் மோசமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லை தங்கச்சி, காத்து வேற" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "சிரிப்போடு விட்டுவிடாமல் எழுதித் தாருங்கள்" என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் இந்தப் பாடம்.

பள்ளுருத்தி வெளி மைதானத்துக்கு அருகில், வீட்டின் முன்னறையில் ஒரு சிறிய பியூட்டி பார்லர் வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் மருத்துவர் இல்லை. கையால் கற்றதையும், ஒரு அடி பட்ட பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். முதலில் அந்த அடியைச் சொல்லிவிடுகிறேன்.

1. இந்தப் பாடம் எனக்கு எப்படிக் கிடைத்தது

1994ல் திருமணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து பள்ளுருத்திக்கு வந்தேன். கணவருக்கு மட்டாஞ்சேரியில் மலைச்சரக்குக் கிடங்கில் வேலை. வந்த புதிதில் நான் வியந்து பார்த்தது பக்கத்து வீட்டுப் பெண்களின் தலைமுடியைத்தான். குளித்து வந்ததும் இரு காதோரத்திலும் கொஞ்சம் முடியை எடுத்துப் பின்னி, மீதியை விரித்துவிட்டு, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அவர்களும் தேங்காய் எண்ணெய்தான் தேய்த்தார்கள். ஆனால் குளிப்பதற்கு முன் தேய்த்து, செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த தாளியால் கழுவிவிடுவார்கள். நாமோ குளித்துத் தலை காய்ந்த பிறகு எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, நாளெல்லாம் அப்படியே வைத்திருப்போம். எண்ணெய் ஒன்றுதான், வைக்கும் வேளைதான் வேறு. இந்தச் சிறிய வேறுபாடு பின்னாளில் என் வீட்டில் சண்டையாக வெடிக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

2013ல் என் மூத்த மகள் பதினோராம் வகுப்பு படித்தாள். தினமும் காலையில் எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் மடித்துக் கட்டி அனுப்புவேன். வகுப்பில் சில பிள்ளைகள் அவளை 'எண்ணெய்ப் பாண்டி' என்று கேலி செய்திருக்கிறார்கள். அதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள், "அம்மா, இனிமே எண்ணெய் வேண்டாம், பின்னலும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

"ஏட்டி, வயசுப் பிள்ளை தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டா பள்ளிக்கூடம் போவா?" என்று அதட்டினேன். காரணம் கேட்கவில்லை. அத்தையும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

தீபாவளிக்குக் கிடைத்த பணத்தை எல்லாம் சேர்த்து வைத்து, எங்களுக்குத் தெரியாமல் நகரத்தில் ஒரு பார்லருக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். பட்டு நூல் தொங்குவதுபோல் இருந்தது. மருந்து போட்டுச் சூடு வைத்தபோது கண் எரிந்து நீராகக் கொட்டியதாம். மூன்றாவது மாதம் வீடு பெருக்கும்போது விரல் நீளத்தில் முடித்துண்டுகள் கிடந்தன. வேரோடு உதிர்ந்தவை இல்லை, நடுவில் ஒடிந்தவை.

அந்தப் புட்டியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. செய்துவிட்ட பெண்ணிடம் போய்க் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். நான் விலை கொடுத்து வாங்கி, ஊரார் தலையில் பூசிக்கொண்டிருந்த புட்டிகளில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. அன்று தொடங்கியது என் படிப்பு.

2. முடி என்பது என்ன

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு; சீப்பில் நாலு முடி வந்ததும் பதற வேண்டியதில்லை.

உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் முடிக்காலில் மட்டுமே. வெளியே தெரியும் முடி, நகத்தைப்போல, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை. ஆகவே 'முடிக்கு ஊட்டம் தரும்' என்று எந்தப் புட்டியில் எழுதியிருந்தாலும், அதற்குப் பொருள் மேலே பூச்சாகப் படிந்து காக்கும் என்பதுதான். ஊட்டம் சோற்றுத் தட்டிலிருந்து முடிக்காலுக்குப் போக வேண்டும்.

இழையின் மேற்புறம் ஓட்டு வீட்டுக் கூரைபோல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. செதில்கள் படிந்திருந்தால் வெளிச்சம் நேராகத் திரும்பி முடி பளபளக்கும். செதில்கள் கிளம்பி நின்றால் வெளிச்சம் சிதறும். முடி மங்கும், சிக்கு விழும். செதிலுக்கு உள்ளே இருக்கும் புரதக் கட்டுதான் முடியின் பலம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இடுப்பு வரை 60 சென்டிமீட்டர் வளர்ந்த கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து வருட வெயிலையும் சோப்பையும் சீப்பையும் கண்ட பகுதி அது. வேர்ப்பக்கத்துக்கும் நுனிக்கும் ஒரே பொருளை ஒரே அளவில் பூசுவது, கைக்குழந்தைக்கும் கிழவருக்கும் ஒரே சட்டை தைப்பதற்குச் சமம்.

கடையில் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சீப்பில் உதிர்ந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய இழை. தையல் நூல்போல் உணர்ந்தால் தடித்த இழை. தலை நிறைய முடி இருந்தாலும் இழை மெல்லியதாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

3. நம் ஊர்க் காற்றும் நீரும்

இப்போது எர்ணாகுளம் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

முடியின் புரதத்தைப் பிணைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டதும் அவிழ்ந்து, காய்ந்ததும் மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரத்தோடு பின்னிப் படுத்து, காலையில் அவிழ்த்தால் அலை அலையாக இருப்பது இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் குழாய் நீர் படாமலேயே பிணைப்பு மெல்ல அவிழும். வைத்த வடிவம் கலைந்துவிடும்.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். கோயம்புத்தூரோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை நிழலில் இருக்கும் ஊர்.

ஜெல்லிலும் ஸ்பிரேயிலும் முடியைப் பிடித்து நிறுத்துவது, காய்ந்ததும் மெல்லிய படலமாகும் ஒரு வகைப் பிசின். அவற்றில் பழையது பிவிபி. 1930களில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே என்னும் வேதியியலாளரின் ஆய்வில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் இரத்தம் இழந்தவர்களின் உடலில் ஏற்றும் திரவத்துக்குப் பயன்பட்டு, பிறகு 1950களில் ஹேர் ஸ்பிரேக்கு வந்தது. அதற்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. வறண்ட காற்றில் விறைப்பாக நிற்கும். ஈரக் காற்றில் நீரை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். சகோதரியின் ஜெல்லில் நீருக்கு அடுத்தபடியாக இருந்தவை பிவிபியும் கிளிசரினும். கிளிசரினும் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதே. கோவைக்குப் பொருந்திய புட்டி கொச்சிக்குப் பொருந்தாததில் வியப்பில்லை. பிவிபியோடு விஏ என்ற எழுத்துகளும் சேர்ந்திருக்கும் கலவை ஈரத்தை ஓரளவு தாங்கும். நம் கடற்கரை ஊர்களுக்கு அதைத் தேடி வாங்குவது நல்லது.

அடுத்தது நீர். பள்ளுருத்திக்கு மேற்கே கடல், கிழக்கே காயல். பல வீட்டுக் கிணறுகளில் உப்புக் கரிக்கும். 2023 தொடக்கத்தில் பம்பு பழுதாகி மேற்குக் கொச்சியில் குழாய் நீர் வாரக்கணக்கில் தடைப்பட்டபோது, பலர் வேறு வழியின்றிக் கிணற்று நீரில் தலைக்குக் குளித்தார்கள். அந்த மாதம் பார்லருக்கு வந்தவர்கள் எல்லோரும், "சேச்சி, முடி துடைப்பம்போல ஆயிப்போச்சு" என்றே சொன்னார்கள்.

உப்பு முடியின்மேல் பொடியாகப் படிந்து சொரசொரப்பாக்கும். வேடிக்கை என்னவென்றால், இதே வேலையைச் செய்வதற்குக் 'கடலுப்பு ஸ்பிரே' என்று ஒன்றைக் கடையில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வழுக்கிக்கொண்டு நிற்கும் மெல்லிய முடிக்குப் பிடிமானம் தருவதற்காக! நம் கிணறு அதை இலவசமாகவே தருகிறது. ஆகவே பள்ளுருத்திக்காரர்கள் அந்தப் புட்டியை வாங்க வேண்டாம். கடைசியாக அலசும் ஒரு சொம்பு நீராவது நல்ல நீராக இருக்கட்டும். இடவப்பாதி மழை பிடித்து இரண்டு மூன்று நாள் கூரை கழுவப்பட்ட பிறகு பிடித்து வைக்கும் மழைநீரைவிட நல்ல அலசல் நீர் வேறில்லை.

4. மூன்று ஆசைகள், மூன்று வேலைகள்

பார்லருக்கு வருபவர்கள் கேட்பதை மூன்றாகப் பிரிக்கலாம்.

அடர்த்தி: முடி குறைவாகத் தெரிகிறது, தூக்கலாகத் தெரிய வேண்டும் என்பது முதல் ஆசை. எந்தப் பூச்சும் முடியின் எண்ணிக்கையைக் கூட்டாது. வேர்ப்பக்கம் படியாமல் தூக்கி நிறுத்துவதுதான் அதன் வேலை. இதற்கு ஏற்றது மூஸ் என்னும் நுரை. தோள் வரை நீளமுள்ள முடிக்குக் கோழிமுட்டை அளவு போதும். துவட்டிய ஈரத்தலையில், வேர்ப்பக்கத்தில் விரலால் தடவி, தலையைக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். மின்விசிறிக் காற்றே போதும். செலவில்லாத வழியும் உண்டு: வகிட்டை ஒரு விரல் தள்ளி மாற்றி எடுங்கள். பல வருடமாக ஒரே பக்கம் படிந்த முடி தானாக நிமிரும். மெல்லிய இழை உள்ளவர்கள் வேர்ப்பக்கத்தில் எண்ணெய், சீரம், கண்டிஷனர் மூன்றையும் தவிர்க்க வேண்டும்.

பிடிமானம்: சுருள் தெளிவாகத் தெரிய வேண்டும், கொண்டை நழுவாமல் நிற்க வேண்டும், ஆண்பிள்ளைகளுக்குக் கிராப்பு கலைந்தும் கலையாமலும் நிற்க வேண்டும் என்பவை இரண்டாவது வகை. சுருள் முடிக்கு ஈரத்திலேயே கிரீமும் மேலே சிறிது ஜெல்லும் வைத்து, கையால் கசக்கிவிட்டுக் காயும் வரை தொடாமல் இருக்க வேண்டும். சீப்பு போட்டால் சுருள் பிரிந்து புதராகும். குட்டை முடிக்கு வாக்ஸ், பட்டாணி அளவு. அது உள்ளங்கைச் சூட்டில் உருகிய பிறகே தலைக்குப் போக வேண்டும். மெழுகு ஈரக் காற்றுக்கு அஞ்சாது என்பதால் நம் ஊருக்கு ஜெல்லைவிட வாக்ஸ் பொருந்தும்.

மினுக்கம்: செதில்களைப் படியவைத்து மேலே வழவழப்பான பூச்சுக் கொடுப்பது மூன்றாவது வேலை. சீரத்தில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோன். தடித்த, வறண்ட முடிக்கு அது நல்ல துணை. உராய்வைக் குறைக்கும், சிக்கு விழாது, ஈரக் காற்றையும் ஓரளவு தடுக்கும். இரண்டு சொட்டு எடுத்துப் பாதி முடியிலிருந்து நுனி வரை மட்டும் தடவ வேண்டும். மெல்லிய முடியில் அளவு மிஞ்சினால் எண்ணெய் வழிந்த தலைபோல் தோன்றும். உப்பு நீரால் மங்கிய முடிக்கு முதலில் ஒரு சொம்பு நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து அலசி, உடனே நல்ல நீர் விட்டுப் பாருங்கள். படிந்த சுண்ணாம்புச் சத்துக் கரையும். சீரம் தேவைப்படாமலே போகலாம்.

ஓர் எச்சரிக்கை: ஹேர் ஸ்பிரேயில் ஆல்கஹாலும், பீய்ச்சி அடிப்பதற்கு எரிவாயுவும் இருக்கும். பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு நாட்டிய ஒப்பனை செய்யும் அறையில், குத்துவிளக்கு எரியும் இடத்தில், ஸ்பிரே அடிக்கவே கூடாது.

5. எண்ணெயும் ஷாம்புவும்

மட்டாஞ்சேரி தேங்காய் எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லவும் தேவையில்லை. 2003ல் ரேலே, மோஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தாது எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். தலை கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் செதிலைத் தாண்டி உள்ளே புகுகிறது. அவ்விருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்த நம் பக்கத்து வீட்டு அம்மாமார்களின் வழக்கத்துக்கு அது நல்ல சான்று.

ஆகவே என் வழி இது: குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் எண்ணெய், பிறகு கழுவிவிடுவது. பள்ளிக்குப் போகும் தலையில் எண்ணெய் வழிய வேண்டாம். வழியும் எண்ணெயில் தெருப்புழுதி ஒட்டும். நாள்பட்டால் சிக்கு வாடை வரும். பிள்ளைகள் கேலி செய்தது தவறுதான். ஆனால் என் மகள் வேண்டாம் என்று சொன்னதில் நியாயம் இருந்தது.

எண்ணெய் வாங்கும்போது கவனம் வேண்டும். 2018ல் கலப்படம் காரணமாகப் பல டஜன் பெயர்களில் விற்ற தேங்காய் எண்ணெய்களைக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தடை செய்தது. தூய தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குளிர்ப்பெட்டியில் வைத்துப் பாருங்கள். மேலே உறையாமல் திரவமாக ஒரு அடுக்கு நின்றால் சந்தேகப்படலாம். எல்லாக் கலப்படத்தையும் இது காட்டாது. ஆனாலும் முதல் சோதனைக்கு உதவும்.

ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனது. அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் 'சாம்ப்னா' என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது. பாட்னாவிலிருந்து போன ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் வைத்து அதைப் புகழ் பெறச் செய்தார். சாஷே பாக்கெட்டில் ஷாம்புவை ஏழை வீட்டுக்கும் கொண்டுவந்த பெருமை நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுடையது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் தொடங்கிய 'சிக்' ஷாம்புவின் பெயர் தந்தையின் பெயரிலிருந்து எடுத்தது.

அந்தச் சாஷே நமக்கு இன்னொரு வகையிலும் உதவும். பெரிய புட்டி வாங்குவதற்கு முன் சாஷே வாங்கி, நம் வீட்டு நீரில் இரண்டு முறை கழுவிப் பார்த்துவிடலாம். சீயக்காய் பிடித்தவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் குளியல் சோப்பை உப்புக் கிணற்று நீரோடு தலையில் தேய்க்காதீர்கள். நுரை வராது, அழுக்குத் திரைந்து முடியில் ஒட்டும்.

6. சீட்டைப் படிக்கும் முறை

புட்டியின் முன்பக்கம் ஆசை காட்டும். பின்பக்கம் உண்மை சொல்லும். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் இருக்கலாம். ஆகவே முதல் ஐந்து பெயர்களைப் படித்தாலே போதும். முன்பக்கம் பாதாமும் பிருங்கராஜும் படமாக இருந்து, பின்பக்கம் அவை கடைசியில் வந்தால், நாம் படத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

'கோன்' என்று முடியும் பெயர்கள், 'சிலாக்சேன்' என்று முடிபவை எல்லாம் சிலிக்கோன், மினுக்கத்துக்கு. பிவிபி, பாலிகுவாட்டர்னியம் என்பவை படலம் பிடிப்பவை, வடிவம் நிறுத்துவதற்கு. கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் மழைக்காலத்தில் வேண்டாம். ஆல்கஹால் என்ற சொல்லைக் கண்டு எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டாம். சீட்டைல், சீட்டைரில் என்று தொடங்குபவை மெழுகுபோன்ற கொழுப்புப் பொருள்கள், முடியை மிருதுவாக்கும். வறட்டுவது வெறும் ஆல்கஹால், டீநேச்சர்ட் ஆல்கஹால் என்பவையே. 'லைட் லிக்விட் பாரஃபின்' என்றிருந்தால் தாது எண்ணெய். கெடுதல் இல்லை, வழவழப்புத் தரும். ஆனால் தேங்காய் எண்ணெய் விலை கொடுக்காதீர்கள்.

7. கிட்டே போகக் கூடாதது

முடியை நிலையாக நேராக்கும் மருந்துகளில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. வேறு சிலவற்றில் சூடு பட்டால் அது வெளிவரும். 'மெத்திலீன் கிளைக்கால்' என்று எழுதியிருந்தாலும் சங்கதி அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2011ல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு பார்லர் ஊழியர்களுக்கே எச்சரிக்கை விடுத்தது. என் மகளின் கண் ஏன் எரிந்தது என்று அதைப் படித்தபோதுதான் ஊகிக்க முடிந்தது.

'ஃபார்மால்டிஹைடு இல்லாதது' என்று வரும் சிலவற்றில் கிளைஆக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. அப்படிப்பட்ட கிரீம் வைத்த ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் திரும்பத் திரும்பப் பாதிக்கப்பட்டதைப் பிரான்சு மருத்துவர்கள் 2024ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். என் பார்லரில் 2013க்குப் பிறகு இந்த வேலையை நான் செய்வதில்லை. வருமானம் குறைந்தது, தூக்கம் கூடியது.

8. என் கையின் குற்றம்

இதை எழுதாமல் முடித்தால் பாடம் பாதிதான்.

முடி ஒடிந்த பிறகு மகளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒடிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நெற்றியோரத்தையும் காதுக்கு மேலேயும் விரலால் தடவிப் பார்த்தார். "இங்கே முடி குறைந்திருப்பது மருந்தால் இல்லை. யார் பின்னிவிடுகிறார்கள்?" என்று கேட்டார்.

நான்தான். பத்து வருடம், தினமும், தலையில் முட்டி போடாத குறையாக இழுத்துப் பின்னியவள் நான்தான். எப்போதும் இழுபட்டே இருக்கும் முடிக்கால் மெல்ல மெல்லச் சோர்ந்து, கடைசியில் முளைப்பதை விட்டுவிடும். 1907லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களும் முடியை இறுக்கி உச்சியில் கட்டியவர்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்து இறுக்கத்தை விட்டால் முடி திரும்ப வரும். நாள் கடந்தால் வராது.

வெளியே வந்ததும், "வலிக்குதுன்னு நீ ஒரு நாளும் சொல்லலையேட்டி" என்றேன். "சொன்னேன்மா. ஆடாம நில்லுன்னு சொல்லிட்டு இன்னும் இழுத்தே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். பிள்ளையின் பின்னலும் பூவும் பொட்டும் நம் ஊரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கயிறு என்று நினைக்கிறோம். அதனால் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிடுகிறோம். பின்னல் வேண்டும், தளர்த்திப் பின்னினாலும் அது பின்னல்தான்.

ஆறு மாதம் கத்தரிக்கோலும் பொறுமையும் மட்டுமே வைத்தியம். ஒடிந்ததைத் தோள் வரை வெட்டிவிட்டேன். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நெற்றியோரத்தில் பூனைமயிர்போல முளைத்தபோது முதலில் பார்த்துக் கூப்பிட்டவரும் அத்தைதான்.

9. வீட்டில் செய்து பார்க்க

1. வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டிகளின் பின்பக்கத்தையும் படித்து, முதல் ஐந்து பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு புட்டிகள் நிச்சயம் கிடைக்கும்.

2. வீட்டில் ஒவ்வொருவரின் முடியையும் உருட்டிப் பார்த்து, மெல்லியதா தடித்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சீரம் மகளுக்கு ஆகாமல் போவதற்குக் காரணம் தெரியும்.

3. ஒரு வாரம் கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ நல்ல குழாய் நீரோ பயன்படுத்திப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால், வாங்க நினைத்த புட்டியை மறந்துவிடலாம்.

4. புதிய பொருள் எதுவானாலும் முந்தின நாள் காதுக்குப் பின்னால் சிறிது தடவி வையுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் வேண்டாம்.

5. பிள்ளைக்குப் பின்னி முடித்ததும், "வலிக்குதா?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு ரிப்பன் கட்டுங்கள்.

என் மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வரும்போது குளிப்பதற்கு முன் அவளே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்காருவாள். கழுவிக் காய்ந்த பிறகு, சில நாள் விரித்துப் போட்டுக்கொள்வாள். சில நாள் பின்னச் சொல்வாள். எது வேண்டும் என்று நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.